அரை மணி நேரக் கூட்டம்

1

இன்று காலை வேலைக்குப் போகும் பேருந்தில் ஏறி, கோட்டில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்ததும் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. கேமரா செயலிக்கு நான் கட்டியிருந்த ஆண்டுச் சந்தா இந்த வாரத்தோடு முடிகிறதாம். தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் புதுப்பிக்க வேண்டுமாம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்திய கடையை மூடி எட்டு மாதமாகிறது. கேமராக்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இருந்திருந்தால் இந்தப் பொங்கலோடு கடைக்கு மூன்று வயது நிறைந்திருக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் அக்காவோ அண்ணனோ, "உனக்கு ஒரு கடை எடுத்துத் தர்றேன், பெரிய கம்பெனி, எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க" என்று சொல்லும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. எங்கள் வீட்டில் அதைச் சொன்னவள் நான்தான்.

2

நான் தஞ்சாவூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தவள். கனடாவுக்கு வந்து பதினாறு வருடமாகிறது. என் சான்றிதழை இங்கே ஏற்கவில்லை. திரும்பப் படிக்க நேரமும் வாய்க்கவில்லை. டொரண்டோவுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நான்கு நாள் சாலையில்தான் இருப்பார். மகன் அகிலுக்கு பதினேழு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான்.

என் தம்பி பிரபு ஊரிலேயே இருந்துவிட்டான். ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பா கோவிந்தராஜ் பண்ணை வேலை பார்த்தவர். அடுத்தவர் வயலில் சேடைச் சேறும் நாற்றுக்கட்டுமாக முதுகு வளைந்து, கடைசியில் ஒன்றரை மா நிலம் சொந்தமாக வாங்கியவர். எங்கள் ஊர் டீக்கடையில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே குடித்துவிட்டு வருவார். உட்காராதே என்று என் காலத்தில் யாரும் சொல்லவில்லை. அவருக்கு உட்காரத் தோன்றவில்லை.

பிரபுவுக்கு முப்பது வயதானபோது அவனும் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறேன் என்றான். அவன் மனைவி சுகந்தி அப்போது மாசமாக இருந்தாள். நான்தான் தடுத்தேன். ஒருத்தி வந்து படுவது போதும், நீ அப்பாவோடு இரு, உனக்கு நான் வழி செய்கிறேன் என்றேன். இணையத்தில் தேடி அந்தக் கம்பெனியைக் கண்டுபிடித்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. டீ, ஜூஸ், மில்க் ஷேக், நொறுக்குத்தீனி. தமிழ்நாடு முழுக்கக் கிளைகள். ஆரஞ்சு நிறத்தில் போர்டு, உள்ளே ஏசி, சுவரில் படங்கள். பேரைக் கொடுப்பது அவர்கள், இடமும் முதலும் உழைப்பும் நம்முடையது. விற்பனையில் ஒரு பங்கு மாதாமாதம் அவர்களுக்கு. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் விற்பனையில்தான் பங்கு என்பதை நான் அப்போது நிதானமாக யோசிக்கவில்லை.

விண்ணப்பத்தில் வருமானச் சான்று கேட்டார்கள். பிரபுவிடம் அப்படி ஒன்று இல்லை. அதனால் ஒப்பந்தம் என் பெயரில் ஆயிற்று. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது. நம்மில் பலருக்கு அப்படித்தான். கம்பெனியின் கணினியில் அது மட்டும் பதிவாகி, உரிமம் பெற்றவர் "திரு. கோவிந்தராஜ்" என்று ஆகிவிட்டது. திருத்தச் சொல்லி மூன்று முறை எழுதினேன். நன்றி திரு. கோவிந்தராஜ், உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று மூன்று முறை பதில் வந்தது. நானும் அகிலும் அதைப் படித்துச் சிரித்தோம்.

3

கடை பொங்கல் முடிந்த வாரத்தில் திறந்தது. சம்பா அறுப்பு முடிந்து ஊரில் காசு புழங்கும் நேரம். கூட்டம் தள்ளியது. திறப்பு விழா அன்று அப்பா புது வேட்டி சட்டையில் ஏசிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்ததை நான் பேருந்தில் இருந்தபடி பார்த்தேன். இங்கே காலை எட்டு, அங்கே மாலை ஆறரை. வேலைக்குப் போகும் அந்த அரை மணி நேரப் பயணம் அன்றிலிருந்து கடைக்கென்று ஆகிவிட்டது. ஏறி உட்காருவேன், செயலியைத் திறப்பேன். கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா, வாசலைப் பார்த்து ஒன்று. சத்தம் கேட்காது, படம் மட்டும்தான். அதே படம் சென்னையில் கம்பெனி அலுவலகத்துக்கும் போகும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி.

விதிகள் நிறைய. பால் தவிர எல்லாவற்றையும் கம்பெனி டிப்போவிலிருந்துதான் வாங்க வேண்டும். கப், ஸ்ட்ரா, டீத்தூள், சர்க்கரை வரைக்கும். இளநீர் ஷேக் என்று ஒன்று உண்டு. அதற்கான இளநீர் வழுக்கை உறைந்த பாக்கெட்டில் கோயம்புத்தூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு வந்தது. எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னந்தோப்பு. தேங்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவர் ஒரு நாள் அந்த ஷேக்கை வாங்கி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "தம்பி, இது என் தோப்புக் காய்தான்னு நெனைக்கிறேன், ஊரு சுத்திட்டு வந்திருக்கு" என்றாராம். பிரபு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஏரியா மேனேஜரிடம் உள்ளூர் இளநீரே வாங்கிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டதற்கு, எல்லாக் கிளையிலும் ஒரே ருசி இருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

சித்திரை வரை ஓடியது. பிறகு மெல்லப் படுத்தது. எங்கள் பக்கத்தில் ஆனி ஆடியில் எல்லோருக்கும் செலவுதான். தண்ணீர் வருமா, எப்போது வரும் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு விதைக்கும் உழவுக்கும் கையிலிருப்பதைப் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளைக்கு ஷேக் வாங்கித் தர யார் வருவார்கள்? கம்பெனிக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். தை மாதத்துக்கு வைத்த இலக்கையே ஆடிக்கும் வைத்தார்கள். பிரபு சொல்லிப் பார்த்தான். அந்த மேனேஜர் மோசமானவர் இல்லை, எழுதி அனுப்பினார். மேலிடத்தில் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் தொடங்கும்போது பைபாஸில் புதிதாக வந்த பெட்ரோல் பங்கில் அதே கம்பெனி இன்னொரு கிளையைத் திறந்தது. எங்கள் கடையிலிருந்து பைக்கில் ஐந்து நிமிடம். நகராட்சி எல்லைக்குள் வேறு கிளை தரமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். பங்க் இருந்த இடம் எல்லையைத் தாண்டி ஊராட்சியில் இருந்தது. கார்க்காரர்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். வேலைக்கு இருந்த இரண்டு பேரும் திருப்பூர் போய்விட்டார்கள். பிரபுவும் சுகந்தியும் மட்டும் மிஞ்சினார்கள். குழந்தையைக் கல்லாவுக்குப் பின்னால் தொட்டில் கட்டிப் போட்டிருந்தாள் சுகந்தி. கேமராவில் கயிறு மட்டும் ஆடுவது தெரியும்.

4

அந்த ஆடியில் ஒரு வாரம் முழுக்க, நான் பார்த்த நேரத்தில் கடையில் ஒரு ஆள் இல்லை. பிரபு துணியை எடுத்துத் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை நான் பேருந்திலேயே உடைந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். இறங்கி, இல்லத்தின் வாசலில் நின்றபடியே பிரபுவைக் கூப்பிட்டு அழுதேன். என்னென்னவோ பேசினேன். ரெண்டு ஷிப்ட் பார்த்து முதுகு போயிற்று என்றேன். உன்னை நம்பித்தானே என்றேன். கடைசியில், "அழாதக்கா. சரியாயிடும்" என்றான்.

சரியாகத்தான் ஆயிற்று. அடுத்த புதன்கிழமை பார்த்தபோது நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வியாழன் ஏழு பேர். ஆவணி பிறந்தபோது ஏறக்குறைய எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. அப்பாவும் தினமும் வந்து உட்கார்ந்திருந்தார். கல்லாவுக்கு மேலே இருந்த கேமராவில் முதுகுகளும் தலைகளும்தான் தெரியும், முகம் தெளிவாகத் தெரியாது. நான் முன்பு சொன்ன யோசனைப்படி வாசலில் ஒரு சலுகை அறிவிப்பு வைத்திருந்தான். அதனால்தான் என்று நினைத்தேன். இல்லத்தில் என்னோடு வேலை பார்க்கும் பஞ்சாபிப் பெண்ணிடம் படத்தைக் காட்டிப் பெருமைப்பட்டேன். அகிலிடமும் காட்டினேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நைஸ்" என்றான்.

நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நான் அதே எட்டு மணிக்குத்தான் பேருந்தில் ஏறுவேன், ஆனால் ஊரில் ஐந்தரை என்று இருந்தது அன்றிலிருந்து ஆறரை ஆகிவிடும். அந்தத் திங்கள் கடையில் யாரும் இல்லை. விளக்கெல்லாம் எரிய, சுகந்தி தனியாகக் கல்லாவில் தலையைச் சாய்த்திருந்தாள். மறுநாளும் அப்படியே. என்னப்பா ஆச்சு என்று கேட்டேன். மழை என்றான். இப்போதெல்லாம் எத்தனை மணிக்குப் பார்க்கிறாய் என்று சாதாரணமாகக் கேட்டான். சொன்னேன். புதன்கிழமை ஆறரைக்குக் கடை நிறைந்திருந்தது. மழை விட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

5

டிசம்பரில் கம்பெனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அன்புள்ள திரு. கோவிந்தராஜ் என்று தொடங்கி, உங்கள் கிளையில் தொடர்ந்து லீக்கேஜ் காணப்படுகிறது, பதினைந்து நாளில் சரிசெய்து விளக்கம் தரவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தில் லீக்கேஜ் என்றால் குழாய் ஒழுகுவது, இல்லையென்றால் முதியவர்களின் டயபர் ஒழுகிவிட்டது. பிரபுவை அழைத்து எங்கேடா ஒழுகுது என்று கேட்டேன். அவன் பதறிப்போய்ப் பிளம்பரைக் கூட்டிவந்து தொட்டி, சிங்க், ஏசியின் தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னான். ஒரு வாஷரை மாற்றினார்கள். லீக்கேஜ் சரிசெய்யப்பட்டது, நன்றி என்று நான் பதில் எழுதினேன். பிளம்பரின் ரசீதையும் படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டாவது கடிதம் கடுமையாக இருந்தது. திருச்சியில் இருந்த ஏரியா மேனேஜரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். கேமராவில் தலைகளை எண்ணும் மென்பொருள் ஒன்று சென்னையில் இருக்கிறது. சாயங்கால நேரத்தில் உங்கள் கடையில் இருபது பேர் உட்கார்ந்து குடிக்கிறார்கள், பில் மூன்றுதான் விழுகிறது. கப் செலவும் பில்லுக்கு ஒத்துவரவில்லை. அப்படியென்றால் பில் போடாமல் விற்று, கம்பெனிக்குத் தர வேண்டிய பங்கை மறைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்றார். "லீக்கேஜ்னா அதுதாங்க மேடம்" என்றார்.

பதினாறு வருடம் ஆங்கிலத்தில் குப்பை கொட்டியும், திருட்டுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். அன்றைக்கே பிரபுவைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. பில் போடாம விக்கிறியா?"

அவன் திருப்பிக் கேட்டான்.

"நீ அப்படி நெனைக்கிறியாக்கா?"

"நான் நெனைக்கல, அவங்க சொல்றாங்க. ஆனா நானும்தான் பாக்குறேனே. அவ்வளவு கூட்டம் வருது, என்கிட்ட நீ கைக்கும் வாய்க்கும் சரியா இருக்குன்னுதானே சொல்ற?"

"சரிக்கா. கடையில ஆளு நிக்கிறாங்க, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான்.

நான் உடனே செயலியைத் திறந்தேன். கடையில் யாரும் நிற்கவில்லை. பிரபு மட்டும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லிவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

6

மூன்றாவது கடிதம் பதிவுத் தபாலில் ஊர் முகவரிக்குப் போயிற்று. உறையின் மேல் திரு. கோவிந்தராஜ். தபால்காரர் வந்து கையெழுத்துக் கேட்டபோது, தன் பெயருக்கு ரெஜிஸ்டர் தபால் வந்ததில் அப்பாவுக்குச் சந்தோஷமாம். சட்டை மாட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடைக்கு எடுத்துக்கொண்டு போய் சுகந்தியிடம் படிக்கச் சொல்லியிருக்கிறார். சுகந்தி பி.காம். படித்தவள். படித்ததும் ஒன்றுமில்லை மாமா, வாடகை விஷயம் என்று சொல்லியிருக்கிறாள். அவர் விடவில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் வரிக்கு வரி தமிழில் சொல்லிவிட்டார். கோவிந்தராஜ் ஆகிய நீங்கள், உங்கள் கடையில் விற்ற பொருளுக்குக் கணக்குக் காட்டாமல் மோசடி செய்ததாக.

எத்தனையோ பேர் களத்தில் நெல் அளந்தவர் என் அப்பா. ஒரு பிடி கூடக் குறைய இருந்ததாக அவரை யாரும் சொன்னதில்லை. அன்று கடையை விட்டு வீட்டுக்குப் போனவர் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அன்றைக்குத்தான் சுகந்தி எனக்கு போன் செய்தாள். பிரபுவுக்குத் தெரியாமல், கொல்லையில் நின்று பேசினாள். கோழி கத்துவது கேட்டது.

"அண்ணி, சொல்லக் கூடாதுன்னு அவரு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. இனிமே என்னால முடியாது. அந்த நேரத்துக்கு வந்து உக்காந்தவங்க எல்லாம் நம்ம தெரு ஆளுங்க. அவருதான் பஸ் காசு கொடுத்துக் கூட்டிட்டு வருவாரு. டீயும் சும்மாதான்."

"எதுக்கு சுகந்தி?"

"நீங்க பாப்பீங்கன்னு."

எனக்குப் புரியவில்லை. புரியாதது மாதிரி நின்றேனோ என்னவோ. அவளே தொடர்ந்தாள்.

"ஆடி மாசம் நீங்க போன்ல அழுதீங்கல்ல. அன்னிக்கு ராத்திரி அவரு சாப்புடல. மறுநாளே தெருவுல போயி ஒவ்வொருத்தரையா கேட்டாரு. அரை மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போங்க, அக்கா பாத்துட்டு வேலைக்குப் போயிடும்னு. நடவு வேலை முடிச்சு வந்தவங்க, நூறு நாள் வேலைக்குப் போறவங்க, எல்லாரும் சட்டை மாத்திட்டு வருவாங்க அண்ணி. மாமாதான் வரிசையா உக்கார வப்பாரு."

நவம்பரில் இரண்டு நாள் கடை காலியாக இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த இரண்டு நாளும் அவர்கள் ஐந்தரைக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் ஒவ்வொரு நாளும் கைப்பேசியில் எண்ணிச் சந்தோஷப்பட்ட தலைகள் அத்தனையும் என்னைத் தெரிந்தவர்கள். என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் அதில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் முதுகைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. கடையில் கொஞ்சநஞ்சம் தேறியதையும் அந்த டீயும் பஸ் கட்டணமும் தின்றன. அது மட்டுமில்லை. என்னைச் சமாதானப்படுத்த அவன் கூட்டிவந்த கூட்டமே அவனைத் திருடன் என்று காட்டிவிட்டது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்று, திருடன் பட்டத்தோடு இருந்துகொண்டான்.

7

கம்பெனிக்கு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதை எந்த ஆங்கிலத்தில் எழுதுவது? அவர்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, என் தெருக்காரர்கள், நான் வருத்தப்படக் கூடாதென்று உட்கார்ந்தார்கள் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு அகிலிடம் கொடுத்தேன். படித்தவன் முதலில் சிரித்தான். மாமா ஆட்களை வாடகைக்குப் பிடித்தாரா, சினிமாவில் கூட்டம் காட்டுவது மாதிரியா என்று கேட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினான். கதவைச் சாத்திக்கொண்டு போய் ஒரு மணி நேரம் கழித்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். என் கடிதத்தில் இல்லாத சுத்தம் அதில் இருந்தது. கொடுக்கும்போது தமிழில் கேட்டான்.

"ஏன் மாமா சும்மா உன்கிட்ட சொல்லல?"

நான் கடிதத்தைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பணம் பெறாமல் பொருள் வழங்கியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள், அதுவும் ஒப்பந்த மீறல், எனவே ஒப்பந்தம் ரத்து என்று மூன்று வரி. ஒப்பந்தம் என் பெயரில் இருந்ததால் முடித்துக் கையெழுத்துப் போட நான் நேரில் வர வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து வருடம் கழித்து ஊருக்குப் போனது அதற்குத்தான்.

திருச்சி அலுவலகத்தில் நானும் பிரபுவும் ஏரியா மேனேஜர் எதிரில் உட்கார்ந்தோம். நான் எல்லாவற்றையும் வாயால் சொன்னேன். ஆடி மாதம் அழுததிலிருந்து சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் நம்புறேங்க மேடம். எங்க வீட்டுலயும் ஒருத்தர் துபாய்ல இருக்காரு. ஆனா சிஸ்டத்துல காரணம் போட ஏழு கட்டம்தான் இருக்கு. இதைப் போட அதுல எடம் இல்ல."

நிதி முறைகேடு என்ற கட்டத்தில் டிக் போட்டார். வேறு எதில் போட்டாலும் மறுபடி விசாரணைக்குப் போகும், இன்னும் ஆறு மாதம் இழுக்கும் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த இரண்டு வருடத்துக்கு அந்த இடத்தில் டீயோ ஜூஸோ விற்கக் கூடாது என்ற தாளிலும் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே திரு. கோவிந்தராஜ் என்று அச்சாகியிருந்தது. கடைசி முறையாகத் திருத்தச் சொன்னேன். முடிக்கிற கோப்பில் திருத்த முடியாதாம்.

திரும்பும்போது தஞ்சாவூரில் பஸ் மாறினோம். கோடைக்காலம். ஒரத்தநாடு வரைக்கும் வயல்கள் வெடித்துக் கிடந்தன. பிரபு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. கேமராவில் அது தெரிந்ததில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். திருடுறியான்னு கேட்டதுக்கு என்று தொடங்கினேன், முடிக்க வரவில்லை.

அவன் வெளியே பார்த்தபடியே சொன்னான்.

"அந்த அரை மணி நேரம் கடை நெஜமாவே நல்லா இருந்துச்சுக்கா. எல்லாரும் குளிச்சு, சட்டை மாத்திட்டு வருவாங்க. ஏசியில உக்காந்து பேசிக்கிட்டிருப்பாங்க. அப்பா அத்தனை பேரையும் அதட்டும். ரோட்டுல போறவன் எட்டிப் பாப்பான். எனக்கே சில நாளு மறந்து போயிடும்."



அப்பாவிடம் நான் நான்கு நாள் இருந்தேன். கடிதத்தில் இருந்தது உங்கள் பெயர் இல்லை, என் பெயர், கணினியில் தவறாக ஏறிவிட்டது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். "அப்ப உன்னையத்தான் சொன்னாங்களா" என்றார். அதற்குப் பிறகு இன்னும் வாடிவிட்டார்.

8

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்களாம். பிரபு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போகிறான். அறுப்புக் காலத்தில் மட்டும்தான் வேலை. மற்ற நாளில் கிடைத்தால் தோப்பில் தேங்காய் உரிக்கப் போவான். சுகந்தி ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள், நாள் முழுக்க நிற்க வேண்டும். அவர்களுக்கு நான் கடை வைத்துக் கொடுக்காமல் இருந்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருப்பார்களா என்று எனக்குள் கேட்டுப் பார்க்கிறேன். தெரியவில்லை. எதையும் கேட்க எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. வாரம் ஒரு முறை பேசுகிறேன். சாப்பிட்டியா, அப்பாவுக்கு மாத்திரை இருக்கா, அதோடு சரி. வீடியோ போட வேண்டாம் என்று பிரபு சொல்லிவிட்டான்.

உங்களுக்கு யாராவது கடை எடுத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லச் சொல்வதற்காக இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்கும்போது அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. வேறு ஊரில், வேறு கையில் அந்தக் கடைகள் ஓடத்தான் செய்கின்றன. ஒப்பந்தத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பங்கு விற்பனையிலா லாபத்திலா என்று பாருங்கள். உங்கள் ஊரில் எந்த மாதம் கையில் காசு இருக்கும், எந்த மாதம் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். ஆனால் கடை ஓடவில்லை என்றால் அதை உங்கள் ஆளிடம் அன்றைக்கே சொல்ல முடியுமா என்பதை எந்தத் தாளிலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நான் அழுதுவிட்டேன். அதனால் அவனால் சொல்ல முடியாமல் போயிற்று.

போன மாதம் பிரபுவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வழக்கமாக இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதமாட்டான். அன்று கொஞ்சம் நீளமாக இருந்தது.

"அக்கா, உனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் யாராவது இருந்தா சொல்லு. எந்த ஊரா இருந்தாலும் போறேன். தெரிஞ்ச முகம் இல்லாத ஊரா இருந்தா நல்லது."

அப்படிப்பட்ட ஊரில்தான் நான் பதினாறு வருடமாக இருக்கிறேன். இங்கே காலையில் எழுந்ததும் என்னவெல்லாம் இருக்காது என்று அவனுக்குப் பக்கம் பக்கமாக எழுத முடியும். எழுதினேன், அனுப்பவில்லை. விசாரிக்கிறேன் என்று மட்டும் அனுப்பினேன். இன்றுவரை விசாரிக்கவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

நேற்று சுகந்தி பேசினாள். பாஸ்போர்ட்டுக்கு அவனே எழுதிப் போட்டிருக்கிறான். விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தாராம். அப்பாதான் நாற்காலி எடுத்துப் போட்டாராம். ஆதார் அட்டையையும் ரேஷன் கார்டையும் பார்த்து எழுதிக்கொண்டு, கிளம்பும்போது பேச்சுவாக்கில் எந்த நாட்டுக்குத் தம்பி போறீங்க என்று அவர் கேட்டிருக்கிறார்.

"இன்னும் தெரியல சார்" என்றானாம் பிரபு.